எழுதுவோம் ஒரு மடல்

நுழையும்முன்

தமிழ் வழங்காத ஊர்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு காலத்தில் கடிதமே உற்ற துணை. இன்று அதன் இடத்தைக் கைப்பேசி பெற்றுவிட்டது. இம்மாற்றத்தால் நாம் பெற்றவை எவை, இழந்தவை எவை, இழந்தவற்றுள் மீட்க வேண்டியது எது என்பன பற்றி ஓர் ஆசிரியர் தம் கருத்தை இங்கு எடுத்துரைக்கிறார். உங்கள் கருத்து இதனின்று வேறுபடலாம். படித்து முடித்தபின் அதனையும் எழுதுங்கள்.

படிப்பவர் இல்லாத கடிதம்

தமிழ்த் தேர்வு எழுதும் மாணவர் அனைவரும் அறிந்த வினா ஒன்று உண்டு. 'நீ கண்டுகளித்த சுற்றுலாவைப் பற்றி உன் நண்பனுக்குக் கடிதம் எழுதுக' என்பது அவ்வினா. விடையின் அமைப்பும் அனைவருக்கும் மனப்பாடம். மேலே இடமும் நாளும் எழுத வேண்டும், அடுத்து விளி, பின்னர் நலம் உசாவல், அதன்பின் செய்தி, முடிவில் கையொப்பம், கடைசியாக உறைமேல் முகவரி. முகவரியில் ஒரு பெயரும் ஒரு தெருவும் ஓர் ஊரும் எழுதுகிறோம். அப்பெயருடைய நண்பன் இல்லை. அத்தெருவும் நாம் அறியாதது. எழுதிய கடிதம் மதிப்பெண் பெற்றபின் விடைத்தாள் கட்டுக்குள் போய்விடுகிறது.

கடிதம் என்பது ஒருவர் மற்றொருவர் படிப்பதற்கென எழுதுவது. படிப்பவர் இல்லாத கடிதத்தை ஆண்டுதோறும் எழுதச் செய்துவிட்டு, 'இக்காலப் பிள்ளைகளுக்குத் தமிழில் நான்கு வரி எழுத வரவில்லை' என்று பெரியவர்கள் வருந்துகிறார்கள். குறை பிள்ளைகளிடம் இல்லை. எழுதுவதற்குரிய காரணத்தை நாம் அவர்களுக்குத் தரவில்லை.

தமிழ்நாட்டுக்கு வெளியே வளரும் தமிழ்ப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் மாதம் ஒரு கடிதமேனும் தம் உறவினர் ஒருவருக்குத் தமிழில், தம் கையால் எழுதி அஞ்சலில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. 'கைப்பேசிக் காலத்தில் இது வேண்டாத வேலை' என்று சிலர் கூறக்கூடும். அவர்கள் கூற்றிலும் உண்மை உண்டு. இரு பக்கத்தையும் ஆராய்ந்து பார்ப்போம்.

தங்கவயலும் தபாலும்

நான் பணிபுரிவது கருநாடக மாநிலத்தின் கோலார் தங்கவயல் பகுதியில். இங்குள்ள நந்திதுர்க், சாம்பியன் ரீஃப், மைசூர் முதலிய பெயர்கள் ஒரு காலத்தில் உலகறிந்த பொற்சுரங்கங்களின் பெயர்கள். 1880-களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்னும் ஆங்கில நிறுவனம் இங்கே தங்கம் அகழும் பணியை மேற்கொண்டது. பணிக்கு ஆள் தேவைப்பட்டபோது வடார்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் வந்தனர். சுரங்கங்களை ஒட்டி 'லைன்' என அழைக்கப்பட்ட வரிசை வீடுகளில் குடியேறினர். அவர்கள் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களும் இன்றும் இங்கே தமிழ் பேசி வாழ்கின்றனர்.

பௌரிங்பேட்டை என்று அந்நாளில் வழங்கிய பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை 1894-இல் இருப்புப்பாதை அமைந்தது. பங்காரப்பேட்டை, சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் பாதையில் உள்ள நிலையம். ஆகவே ஆட்களையும் இயந்திரங்களையும் சுமந்து வந்த அப்பாதை, தங்கவயலின் வரிசை வீடுகளைச் சோலையார்பேட்டைக்கும் அப்பால் உள்ள சொந்த ஊர்களோடு இணைத்தது. கடிதங்களும் அவ்வழியே போய்வந்தன.

சுரங்கத் தொழிலாளியின் வீட்டில் கடிதத்துக்குத் தனிப்பொருள் உண்டு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் மேல் ஆழம் உடையது. அவ்வளவு ஆழத்தில் பாறைகள் தாங்கியிருக்கும் அழுத்தம் மிகப் பெரிது. அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென வெடித்துச் சிதறுவதும், அதில் தொழிலாளர் உயிரிழப்பதும் இங்கே பலமுறை நேர்ந்துள்ளன. காலையில் கூண்டில் ஏறிக் கீழே இறங்கியவர் மாலையில் மேலே வந்தால்தான் வீட்டில் விளக்கு ஒளிரும். அத்தகைய ஊரிலிருந்து சென்ற கடிதத்தின் தொடக்கத்தில் 'இவ்விடம் யாவரும் நலம். அவ்விடம் நலமறிய ஆவல்' என்று இருந்தால், அதனை வெறும் சடங்குத் தொடராக யாரும் படித்திருக்க மாட்டார்கள். ஊரில் காத்திருந்த தாய்க்கு அம்முதல் வரியே முழுக் கடிதம்.

கடிதத்தோடு பணமும் சென்றது. பணவிடைப் படிவத்தின் அடிப்பகுதியில் இரண்டொரு வரி எழுதுவதற்கு இடம் விட்டிருப்பார்கள். 'அம்மாவுக்கு மருந்து வாங்கவும்', 'தங்கையைப் பள்ளிக்கு அனுப்பவும்' என்பன போன்ற வரிகளை அச்சிறு இடம் சுமந்தது. பொருளீட்டச் சென்றவரின் அன்பும் கண்டிப்பும் கவலையும் அவ்விரு வரிகளுக்குள் அடங்கிவிடும்.

அஞ்சல் வழியே அறிவும் வந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1907-ஆம் ஆண்டு சென்னையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார்; ஓராண்டுக்குப்பின் அது 'தமிழன்' எனப் பெயர் பெற்றது. வாசகர்கள் எழுதியனுப்பிய ஐயங்களுக்கு அவ்விதழில் விடைகள் வெளியாயின. அவ்விதழுக்குத் தங்கவயலில் ஆர்வமிக்க வாசகர் கூட்டம் இருந்தது. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் இருந்த பௌத்த சங்கத்தார் அதனைப் போற்றிப் படித்தனர். பண்டிதர் 1914-இல் மறைந்தார். பின்னர் 1926 முதல் ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக இருக்க, 'தமிழன்' இதழ் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. நிலத்தடியில் உடல் நோக உழைத்த மக்கள் ஓர் இதழுக்கு வாசகர்களாக இருந்ததோடு நிற்கவில்லை. அதனைத் தாமே வெளியிடும் நிலைக்கு உயர்ந்தனர். சொந்த மாநிலத்துக்கு வெளியே தமிழ் எழுத்து தழைத்ததற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா?

கால் அணாவின் ஆற்றல்

இத்தகைய தொடர்பு ஏழை மக்களுக்கும் எவ்வாறு எட்டியது? அதற்கு அஞ்சல்துறையின் ஒரு கொள்கை காரணம். 1854-ஆம் ஆண்டு நாடு முழுமைக்குமான அஞ்சல்தலைகள் இந்தியாவில் வெளியாயின. அதுமுதல் கடிதத்தின் கட்டணம் அதன் எடையைப் பொறுத்ததாயிற்று. தொலைவு கணக்கில் கொள்ளப்படவில்லை. பக்கத்து ஊருக்குச் செல்லும் கடிதத்துக்கும் ஆயிரம் கல் தொலைவு செல்லும் கடிதத்துக்கும் ஒரே விலை. 1879 ஜூலை முதல் நாள் அஞ்சலட்டை அறிமுகமானது. அதன் விலை கால் அணா. பிழைப்புக்காகத் தொலைவிடம் சென்றவரைத் தொலைவின் பெயரால் தண்டிக்காத ஏற்பாடு அது. பிற்காலத்திலும் அக்கொள்கை தொடர்ந்தது. அஞ்சலட்டையின் விலை பல ஆண்டுகளாக 50 காசு அளவிலேயே நிறுத்தப்பட்டிருந்தது.

1972 ஆகஸ்டு 15-இல் அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது. ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதாலும், பல மொழிகளில் முகவரி எழுதப்படுவதாலும் நேரும் குழப்பத்தைத் தீர்க்க அது உதவியது. நம் நந்திதுர்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சிக்கபள்ளாபூர் மாவட்டத்தில் நந்திதுர்க்கம் என்னும் புகழ்பெற்ற மலை இருக்கிறது. தங்கவயலுக்கு உரிய கடிதம் பெயர் மயக்கத்தால் அம்மலைக்குப் போய்விடலாம் அல்லவா? தங்கவயலின் குறியீட்டு எண் 563 என்று தொடங்கும். சிக்கபள்ளாபூர்ப் பகுதிக்குரியது 562 என்று தொடங்கும். முதல் எண் 5 என்றால் கருநாடகம், ஆந்திரம், தெலங்கானா. 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி. கடைசி மூன்று எண்கள் கடிதத்தை வழங்க வேண்டிய அஞ்சலகத்தைக் குறிக்கும். எந்த மொழியில் எழுதப்பட்ட முகவரியாயினும், இவ்வாறு எண்களே அதற்கு வழிகாட்டும்.

கடிதம் குறைந்த வரலாறு

இத்துணைச் சிறப்புடைய கடிதம் குறைந்தது ஏன்? ஒரே நாளில் நேர்ந்த மாற்றம் அன்று அது. முதலில் தெருமுனைகளில் தொலைபேசிக் கூண்டுகள் தோன்றின. இரவு கட்டணம் குறையும் நேரம் பார்த்து மக்கள் அங்கே வரிசையில் நின்றனர். 1995-இல் இந்தியாவில் கைப்பேசிச் சேவை தொடங்கியது. பின்னர் மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் பரவின. திறன்பேசி வந்தபின் குரல், படம், எழுத்து, பணம் ஆகிய அனைத்தும் உள்ளங்கையில் அடங்கின. வங்கி அறிக்கைகளும் மின்கட்டணச் சீட்டுகளுங்கூடத் தாளை விட்டுத் திரைக்கு மாறின.

தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. 'தந்தி' என்ற குரல் கேட்டாலே பிரித்துப் படிக்கும்முன் வீட்டார் கலங்கிய காலம் ஒன்று இருந்தது. அச்சொல்லே இன்று பலருக்கு ஒரு செய்தித்தாளின் பெயராக மட்டும் தெரிகிறது. 2025-இல் பதிவஞ்சலும் தனிப்பெயர் இழந்து விரைவஞ்சலோடு இணைக்கப்பட்டது. 1898-ஆம் ஆண்டின் பழைய அஞ்சலகச் சட்டம் நீக்கப்பட்டு, 2023-ஆம் ஆண்டின் புதிய சட்டம் அதன் இடத்துக்கு வந்துள்ளது.

பிற நாடுகளிலும் இதே நிலைதான். டென்மார்க்கில் அரசின் அஞ்சல் பணி 1624-ஆம் ஆண்டில் தோன்றியது. அந்நாட்டில் 2000-ஆம் ஆண்டுக்குப்பின் கடிதங்களின் எண்ணிக்கை 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. ஆகவே 2025-ஆம் ஆண்டின் இறுதியோடு அங்குள்ள அஞ்சல் நிறுவனம் கடிதம் வழங்குவதையே நிறுத்திக்கொண்டது. தெருக்களில் நின்ற சிவப்பு அஞ்சல்பெட்டிகளும் அகற்றப்பட்டன. தனியார் நிறுவனம் ஒன்று அங்கே கடிதங்களைக் கொண்டு சேர்க்கிறது.

இந்தியாவின் நிலை அத்துணை மோசமாகவில்லை. நம் நாட்டில் 1,60,000-க்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள் உள்ளன. உலகின் மிகப் பெரிய அஞ்சல் வலைப்பின்னல் நம்முடையதே. ஆனால் அவற்றுள் நடைபெறும் பணிகள் மாறிவருகின்றன. சேமிப்புக் கணக்கு, பொதி அனுப்புதல், ஆதார் திருத்தம் ஆகியவற்றுக்காக மக்கள் அங்கே செல்கின்றனர். கடிதம் எழுதச் செல்வோர் அரியர். அஞ்சலகம் இருக்கிறது; அஞ்சல்பெட்டியும் இருக்கிறது. எழுதுவோர்தாம் குறைந்துவிட்டனர்.

கைப்பேசி தந்த நன்மைகள்

இம்மாற்றத்தை முற்றிலும் குறைகூறுவது நேர்மை ஆகாது. முற்காலத்தில் எழுதப் படிக்கத் தெரியாதோர் மிகுதி. அவர்கள் தம் கடிதத்தை அடுத்தவரைக் கொண்டே எழுத வேண்டும். வந்த கடிதத்தையும் அடுத்தவரைக் கொண்டே படிக்க வேண்டும். கணவனின் நோயும் கடன் தொல்லையும் மகளின் துயரமும் முதலில் அண்டை வீட்டார் காதுக்கு எட்டிய பின்னரே உரியவருக்கு எட்டின. தன் மனத்துயரை எழுதித் தருமாறு அயலாரிடம் கூற நாணி, 'நலம்' என்று மட்டும் எழுதச் சொன்ன தாய்மார் எத்தனை பேரோ! இன்று எழுத்தறியாப் பாட்டியும் பேரனின் முகத்தைப் பார்த்துத் தானே பேசுகிறார். இடையில் வேற்றார் எவரும் இல்லை. இதனை நான் பெரும் பேறாகவே கருதுகிறேன்.

வெள்ளம், விபத்து, நோய் முதலிய இடர்களின்போது நொடியில் செய்தி சேர்வது உயிர் காக்கும். நான்கு நாள் கழித்து வரும் கடிதத்தால் அப்பயன் கிட்டாது. ஆகவே கைப்பேசியைத் துறந்து கடிதத்துக்குத் திரும்புவோம் என நான் கூறவில்லை. அது நடவாது, நடக்க வேண்டியதும் இல்லை.

இழந்தது எது?

அவ்வாறாயின் நாம் இழந்தது எது? செய்தி இன்னும் விரைவாகவே போய்ச் சேர்கிறது. உறவும் அறுபடவில்லை. தமிழ்நாட்டுக்குள் வாழ்வோரைக் காட்டிலும் வெளியே வாழும் நம்மைப் பெரிதும் தாக்கிய இழப்பு ஒன்று உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகள் தமிழில் எழுதுவதற்கு இருந்த ஒரே இயல்பான வாய்ப்பு பறிபோயிற்று.

தமிழ்நாட்டில் வளரும் பிள்ளையின் கண்முன் நாள்தோறும் தமிழ் எழுத்து நிற்கிறது. பேருந்தின் நெற்றியிலும் கடையின் முகப்பிலும் சுவரொட்டியிலும் அதனைக் காணலாம். நீங்கள் வளரும் ஊர்களில் அவ்விடங்களில் கன்னடமோ இந்தியோ மராத்தியோ வங்கமோ இருக்கும். பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் பயில்கிறீர்கள். தமிழ் உங்களுக்கு விருப்பப் பாடம். வாரத்தில் சில பாடவேளைகள்தாம் அதற்கு உண்டு. வீட்டில் பேசுவதால் உங்கள் நாவில் தமிழ் வாழ்கிறது. உங்கள் கையில் அது வாழ வேண்டுமாயின் அதற்கென ஒரு வேலை இருக்க வேண்டும். முன்னோர் காலத்தில் அவ்வேலையைக் கடிதம் தந்தது. 'தாத்தாவுக்கு நீயும் நாலு வரி எழுது' என்று கூறி, உள்நாட்டு அஞ்சலின் ஓரத்தில் தந்தையார் சிறிது இடம் விட்டுக் கொடுப்பார். அவ்வோரத்தில் எழுதி எழுதியே பலர் தமிழ் கற்றனர்.

'தமிழைக் கைப்பேசியிலும் எழுதலாமே' என நீங்கள் கேட்கலாம். எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் நாம் உண்மையில் செய்வது யாது? 'சாப்பிட்டீர்களா' என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டி அனுப்புகிறோம். அல்லது குரலைப் பதிந்து அனுப்புகிறோம். அல்லது மஞ்சள் முகமொன்றை அனுப்பி உரையாடலை முடிக்கிறோம். ணகர, நகர, னகர வேறுபாடும் லகர, ழகர, ளகர வேறுபாடும் அங்கே தேவைப்படுவதில்லை. ஒரு தலைமுறை இவ்வாறு கழிந்தால், தமிழ் பேசத் தெரிந்த பிள்ளை, தன் பாட்டனார் எழுதி வைத்த கடிதத்தைப் படிக்க மற்றொருவரை நாட வேண்டியிருக்கும். எழுத்தறியாப் பாட்டி அன்று அண்டை வீட்டாரை நாடிய அதே நிலைக்குப் படித்த பேரன் வந்து சேர்வான்.

இஃது அச்சுறுத்துவதற்காகக் கூறியது அன்று. என் வகுப்பில் ஒருமுறை ஓர் உறையைக் கொடுத்து, உறவினர் ஒருவரின் முகவரியைத் தமிழில் எழுதுமாறு கேட்டேன். பலருக்குத் தாத்தாவின் கைப்பேசி எண் தெரிந்திருந்தது. அவருடைய தெருவின் பெயர் தெரியவில்லை. சிலருக்கு ஊரின் பெயர் தெரிந்தும் அதனைத் தமிழில் எழுதுவதில் ஐயம் இருந்தது. மறுநாள் அனைவரும் வீட்டில் கேட்டு வந்து, தெரு, ஊர், வட்டம், மாவட்டம், குறியீட்டு எண் ஆகியவற்றை எழுதிக் காட்டினர். தம் குடும்பம் எவ்வூரிலிருந்து புறப்பட்டு வந்தது என்பதை அன்றுதான் அறிந்ததாகச் சிலர் கூறினர்.

காத்திருப்பும் காப்பதும்

கடிதத்துக்கு வேறு இரு பண்புகளும் உண்டு. ஒன்று, அது நம்மைச் சிந்தித்து எழுதச் செய்கிறது. இன்று எழுதுவது நான்கைந்து நாள் கழித்தே படிக்கப்படும். ஆகவே அந்நாளிலும் பொருள் உடையதாக இருப்பவற்றையே எழுதுவோம். 'இப்போது மழை பெய்கிறது' என்பதைக் கைப்பேசியில் கூறலாம். 'இவ்வாண்டு மழை தாமதித்து வந்தது. நம் ஊர் ஏரி நினைவுக்கு வந்தது' என்பது கடிதத்துக்குரிய வரி.

மற்றொன்று, கடிதம் நிலைத்து நிற்கிறது. பழைய வீடுகளில் வளைந்த கம்பி ஒன்றில் கடிதங்களைக் குத்தி உத்தரத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். அது ஒரு குடும்பத்தின் ஆவணக்காப்பகம். கைப்பேசி பழுதானால் பல ஆண்டு உரையாடல் ஒரே நாளில் அழியக்கூடும். கம்பியில் குத்திய கடிதமோ மூன்று தலைமுறைக்கும் இருக்கும்.

உ.வே. சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைப் போற்றிப் பாதுகாத்தார். பாரிசு நகரிலிருந்து ஜூலியன் வின்சோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் தமிழிலேயே அவருக்கு மடல் எழுதியிருக்கிறார். ஏட்டுச்சுவடிகளில் கிடந்த இலக்கியங்கள் அச்சேறிய வரலாற்றை அறிய விரும்பும் ஆய்வாளர்களுக்கு இன்று அக்கடிதங்கள் பெருந்துணையாகின்றன. பிரான்சு நாட்டவர் ஒருவர் தமிழில் கடிதம் எழுத முடிந்தது என்றால், தமிழர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது இயலாததா?

இலக்கியத்தில் மடல்

தமிழ் இலக்கியத்துக்கும் மடலுக்கும் உள்ள உறவு பழமையானது. சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு இருமுறை மடல் விடுக்கிறாள். முதல் மடலை அவன் ஏற்க மறுக்கிறான். மதுரைக்குச் செல்லும் வழியில் கோசிகன் என்பவன் வாயிலாக இரண்டாம் மடல் வந்து சேர்கிறது. அதனைப் படித்த கோவலன் மாதவி மீது குற்றம் இல்லை என உணர்கிறான். அவள் எழுதிய சொற்கள் தன் பெற்றோருக்குத் தான் கூற வேண்டியவற்றுக்கும் பொருந்துவதைக் கண்டு, அம்மடலையே அவர்களிடம் சேர்க்குமாறு கோசிகனிடம் தருகிறான். நன்கு எழுதப்பட்ட ஒரு கடிதம் எழுதியவரின் தேவையையும் கடந்து பயன்படும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று.

திருக்குறளின் 69-ஆம் அதிகாரம் தூது பற்றியது. 'தூது' என ஒரு சிற்றிலக்கிய வகையே நம் மொழியில் உண்டு. அண்மைக் காலத்திலும் இம்மரபு தொடர்ந்தது. மு. வரதராசனார் 'அன்னைக்கு', 'தம்பிக்கு', 'தங்கைக்கு', 'நண்பர்க்கு' எனக் கடித வடிவிலேயே நூல்கள் இயற்றினார். சிறையிலும் பயணத்திலும் பொதுப்பணியிலும் காலம் கழித்த ஜவாகர்லால் நேரு, 1928-ஆம் ஆண்டு கோடையில் முசூரியில் இருந்த தம் பத்து வயது மகள் இந்திராவுக்கு உலகம் தோன்றிய வரலாற்றைக் கடிதங்களாகவே எழுதினார். பிரிந்து வாழ்ந்த தந்தைக்கும் மகளுக்கும் அவை வகுப்பறை ஆயின.

செய்ய வேண்டியவை

இனிச் செய்ய வேண்டியதைக் கூறுகிறேன். முதலாவதாக, தமிழ் வகுப்பில் கடிதம் எழுதும் பயிற்சி நடக்கும்போது அது மெய்யான கடிதமாக இருக்கட்டும். மாணவர் தம் பாட்டிக்கோ மாமாவுக்கோ அத்தைக்கோ எழுதட்டும். பிழைகளை ஆசிரியர் பென்சிலால் குறித்துத் தரட்டும். திருத்திய கடிதம் அஞ்சல்பெட்டியில் விழட்டும். விடைக்கடிதம் வந்தால் வகுப்பில் படிக்கலாம்; விரும்பாவிடில் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவதாக, ஊரிலுள்ள பெரியவர்கள் விடை எழுத வேண்டும். பேரன் எழுதிய கடிதம் கிடைத்ததும் கைப்பேசியில் அழைத்து, 'கிடைத்தது கண்ணு' என்று கூறி முடித்துவிட்டால், அடுத்த கடிதம் வராது. எழுதத் தெரிந்தவர் இரண்டு வரியேனும் எழுதட்டும். எழுதத் தெரியாதவர் அருகில் இருக்கும் பள்ளிப் பிள்ளையை எழுதச் சொல்லட்டும். அப்பிள்ளைக்கும் அது பயிற்சியாகும்.

மூன்றாவதாக, போட்டிகளில் பங்கேற்கலாம். இந்திய அஞ்சல்துறை 'டாய் ஆக்கர்' என்னும் பெயரில் நாடு தழுவிய கடிதப் போட்டியை நடத்திவருகிறது. உலக அஞ்சல் ஒன்றியம் 1971 முதல் இளையோருக்குக் கடிதப் போட்டி நடத்துகிறது. ஒன்பது முதல் பதினைந்து வயது வரையுள்ளோர் அதில் பங்கேற்கலாம். ஆண்டுதோறும் அக்டோபர் 9 உலக அஞ்சல் நாள். அந்நாளையே உங்கள் முதல் கடிதத்துக்குரிய நாளாகக் கொள்ளலாம்.

தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அதன்பின் இங்குள்ளோர் பலர் வேலை தேடி வேற்றூர் சென்றனர். விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்படும் தொடர்வண்டியில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். வந்தேறிய குடும்பங்களின் பிள்ளைகள் மீண்டும் இடம்பெயர்கின்றனர். சுரங்கத்திலிருந்து இப்போது பொன் வருவதில்லை. நந்திதுர்க் என்னும் பெயர் முகவரிகளில் மட்டும் எஞ்சியிருக்கிறது. அம்முகவரியைத் தமிழில் எழுதத் தெரிந்த கைகள் இருக்கும்வரை, இங்கு வந்து உழைத்தவர்களின் நினைவும் வாழும்.

நீங்கள் வாழும் ஊர் எதுவாயினும், அங்கிருந்து தமிழில் ஒரு கடிதம் புறப்படட்டும். வடிவான கையெழுத்து வேண்டா. அழகிய உவமைகள் வேண்டா. நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்பதையும், அவர்கள் நலத்தை அறிய விரும்புகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். மற்றவை தாமாக வரும்.

சொல்லும் பொருளும்

உசாவல் – வினவுதல், விசாரித்தல்
விளி – அழைக்கும் சொல்
பணவிடை – அஞ்சல் வழி அனுப்பும் பணம், மணியார்டர்
அகழ்தல் – தோண்டுதல்
உத்தரம் – கூரையைத் தாங்கும் குறுக்குக் கட்டை
அரியர் – மிகச் சிலர்
இயற்றுதல் – நூல் செய்தல்

பயிற்சி

1. தேர்வில் எழுதும் கடிதத்தில் ஆசிரியர் காணும் குறை யாது?

2. சுரங்கத் தொழிலாளியின் குடும்பத்துக்கு 'யாவரும் நலம்' என்னும் தொடர் ஏன் சிறப்புடையதாயிற்று?

3. கைப்பேசியால் விளைந்த நன்மைகளாக ஆசிரியர் ஒப்புக்கொள்பவை எவை?

4. 'கைப்பேசியில் தமிழ் எழுத்துகளால் தட்டச்சிட்டாலே போதும், கடிதம் தேவையில்லை.' இக்கருத்தை ஏற்றோ மறுத்தோ பத்து வரிகள் எழுதுக.

5. உங்கள் குடும்பம் எவ்வூரிலிருந்து, எக்காரணத்தால், எந்த ஆண்டில் இடம்பெயர்ந்தது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுக.

6. உறவினர் ஒருவரின் முழு முகவரியைத் தமிழில் எழுதுக. அவருக்கு ஒரு கடிதம் எழுதி அஞ்சலில் சேர்க்க. அனுப்பிய நாளையும் விடை கிடைத்த நாளையும் இங்கே குறித்து வைக்க.